வாக்கியக் கணக்கா? முதலில் ஒரு தப்பான விடையைச் சொல்லுங்கள்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் தடையில்லாமல் வரும். 3க + 5 = 20 என்று கொடுத்தால் க = 5 என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதையே நாலு வரிக் கதையாக எழுதிக் கொடுங்கள், பேனா நகராது. இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஏன், நானே ரொம்ப காலம் இந்த வகைதான். கண்ணில் படும் எண்களைப் பொறுக்கி எடுப்பேன், பெரியதைச் சின்னதால் வகுத்துப் பார்ப்பேன், மீதி வந்தால் மனசு மாறிப் பெருக்கிப் பார்ப்பேன், ஏதாவது ஒழுங்கான எண் வந்ததும் அதுதான் விடை என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவேன். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைத்தது, அதனால்தான் அந்தப் பழக்கம் போக அத்தனை நாள் பிடித்தது.

இது ஒருவர் இருவர் வியாதி இல்லை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு என்ன வயது? பெரும்பாலான குழந்தைகள் 36 என்று எழுதினார்கள். கூட்டினால் ஒரு மனிதருக்குப் பொருத்தமான வயது வருகிறதே, அப்புறம் என்ன!

ஆக, கணக்குப் போடத் தெரியாதது இங்கே சிக்கல் இல்லை. கதையிலிருந்து சமன்பாட்டுக்குப் போகும் அந்த ஒரு எட்டுதான் எல்லோரையும் தடுக்கிறது. அந்த எட்டை எடுத்து வைக்க ஒரு சின்ன உத்தி இருக்கிறது, கீழே சொல்வதில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். தேவையானது ஒரு தாளும் பேனாவும், அப்புறம் தப்பாக எழுதக் கூச்சப்படாத மனசும்.

முதலில் கடைசி வரியை எழுதுங்கள்

கணக்கை முதல் தடவை படிக்கும்போது எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். யார் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, எதைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் பார்க்க வேண்டும். படித்து முடித்ததும் தாளின் அடியில் விடை வாக்கியத்தைக் கோடிட்ட இடத்துடன் எழுதிவிடுங்கள்: "நீலப் பந்துகளின் எண்ணிக்கை ____", "தம்பியின் இப்போதைய வயது ____ ஆண்டு" என்பது மாதிரி. குழந்தைத்தனமாகத் தெரியும். ஆனால் கணக்கையெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கடைசியில் தம்பியின் வயதைக் கேட்ட இடத்தில் அக்காவின் வயதை எழுதி மதிப்பெண்ணை விட்டவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

இரண்டாம் தடவை படிக்கும்போது எண்களைக் கவனியுங்கள், ஒவ்வோர் எண்ணும் எதன் அளவு என்று பக்கத்திலேயே குறியுங்கள். 9 என்று மட்டும் எழுதாமல் "9, வித்தியாசம்" என்று எழுதுங்கள்.

இப்போது தப்பான விடை

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டியில் சிவப்பும் நீலமுமாக மொத்தம் 47 பந்துகள். சிவப்புப் பந்துகள் நீலப் பந்துகளைவிட 9 அதிகம். நீலம் எத்தனை?

சமன்பாடு எப்படி எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள். நீலம் 10 என்று வைத்துக்கொள்வோம். தப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இப்போது உங்கள் வேலை இது தப்பு என்று நிரூபிப்பது. எப்படி நிரூபிப்பீர்கள்? நீலம் 10 என்றால் சிவப்பு 10 + 9. இரண்டும் சேர்ந்தால் 10 + 10 + 9. அது 47-ஆக இருக்க வேண்டும். வருவதோ 29. எனவே 10 தப்பு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இதைத் தவறவிட்டால் உத்தி முழுக்க வீண். சிவப்பு என்று எழுதும்போது 19 என்று கூட்டிப் போடாதீர்கள். 10 + 9 என்றே விட்டுவையுங்கள். 19 என்று எழுதிய நொடியே நீங்கள் ஊகித்த 10 அதற்குள் கரைந்து காணாமல் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

சரி, தாளில் இப்போது என்ன இருக்கிறது? 10 + 10 + 9, 47-ஆக வேண்டும். நீங்கள் ஊகித்த 10 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை அழித்துவிட்டு ந என்று எழுதுங்கள். ந + ந + 9 = 47. சமன்பாடு வந்துவிட்டது. யாரும் "அமைக்க"வில்லை, நீங்கள் சரிபார்த்த வழியே சமன்பாடாக நிற்கிறது. மீதி வேலை தெரிந்ததுதான்: 2ந + 9 = 47, 2ந = 38, ந = 19. நீலம் 19, சிவப்பு 28, கூட்டினால் 47.

ஒரு விடையைச் சரிபார்க்கத் தெரிந்த யாருக்கும் சமன்பாடு எழுதத் தெரியும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஊகித்த எண்ணை வைத்துச் சரிபார்க்கவே முடியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். கணக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் படியுங்கள். ஊகிக்கும்போது கணக்கில் ஏற்கெனவே உள்ள எண்களைத் தவிர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் எந்த 9 உங்களுடையது, எந்த 9 கணக்கினுடையது என்று அழிக்கும்போது குழம்பிப்போகும்.

தப்பான விடையிலிருந்து தொடங்குவது புது யோசனையும் இல்லை. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? அவர்கள் 7 என்று ஊகிக்கிறார்கள், ஏழால் வகுக்க வசதியாக இருக்குமே என்று. 7-உம் அதன் ஏழில் ஒரு பங்கான 1-உம் சேர்ந்து 8. வேண்டியதோ 19. அப்படியானால் 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7-ஐயும் அத்தனை மடங்காக்க வேண்டும். 7 × 19 ÷ 8, அதாவது பதினாறும் எட்டில் ஐந்தும். எழுத்தே இல்லாமல் விடை வந்துவிட்டது. ஆனால் இந்த மடங்காக்கும் வித்தை எல்லாவற்றுக்கும் செல்லாது. நம் பந்துக் கணக்கில் "9 அதிகம்" என்று ஒரு தனி எண் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுபோல இருந்தால் காலை வாரிவிடும். அங்கே எழுத்துதான் காப்பாற்றும்.

எழுத்து என்பது ஆள் இல்லை

எக்ஸ், ஒய் என்றுதான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. தெரியாத அளவுகளுக்கு எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளை வைப்பது பிரெஞ்சுக் கணிதர் ரெனே டெக்கார்ட் 1637-ல் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவிய வழக்கம். அதற்கு வெகு காலம் முன்பே இந்தியக் கணிதர்கள் தெரியாத முதல் அளவை "யாவத்தாவத்" என்றும், அடுத்தடுத்தவற்றைக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயராலும் அழைத்து, அந்தச் சமஸ்கிருதப் பெயர்களின் முதல் எழுத்தை மட்டும் எழுதினார்கள்: யா, கா, நீ, பீ. இரண்டாம் பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் எழுதுகிறார். நீங்கள் ந, த, மு என்று வைத்தால் பழைய வழிக்குத் திரும்புகிறீர்கள், அவ்வளவே.

ஆனால் முதல் எழுத்தை வைப்பதில் ஒரு குழி இருக்கிறது. "ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை மா, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. சமன்பாடு எழுதுக." நிறையப் பேர் எழுதுவது 6மா = ஆ. அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தப்பாகவே எழுதினார்கள், பெரும்பாலும் இதே தலைகீழ்த் தப்பு. மா என்பதை "மாணவர்" என்று வாசிப்பதால் வரும் வினை இது. 6மா என்றால் ஆறு மாணவர்கள் என்று காதில் விழுகிறது. மா என்பது ஒரு எண், மாணவர்களின் எண்ணிக்கை. ஊகத்தை வைத்துப் பாருங்கள்: ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 6 × 10. எனவே மா = 6ஆ. இனிப் பேச்சே இல்லை.

அதனால் எழுத்தை எழுதும்போது கூடவே முழு வாக்கியமும் எழுதுங்கள். "த = தம்பி" என்று எழுதாதீர்கள். "த = தம்பியின் இப்போதைய வயது, ஆண்டுகளில்." சோம்பல்பட்டு இதை விடுபவர்கள்தான் பத்து வரி தள்ளிப் போய் "இந்த த எதுக்கு வெச்சோம்?" என்று தலையைச் சொறிவார்கள்.

வேற்றுமை உருபில்தான் கணக்கு இருக்கிறது

சில பயிற்சிப் புத்தகங்களில் "அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி" என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். "சிவப்புப் பந்துகள் 28. இது நீலத்தைவிட 9 அதிகம். நீலம் எத்தனை?" இங்கே அதிகம் என்றுதான் இருக்கிறது, கூட்டினால் 37 வரும், தப்பு. எது அதிகம், எதைவிட அதிகம் என்று பார்க்காமல் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இப்படித்தான்.

தமிழில் கணக்கின் உயிர் பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. "ஒரு எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால்" என்றால் க − 7. "ஒரு எண்ணை 7-லிருந்து கழித்தால்" என்றால் 7 − க. சொற்கள் அதேதான், இலிருந்து என்பதும் ஐ என்பதும் இடம் மாறியிருக்கின்றன. "12-ஐ ஒரு எண்ணால் வகுத்தால்", "ஒரு எண்ணை 12-ஆல் வகுத்தால்" இரண்டும் அப்படியே. வேகமாகப் படிக்கிற கண் வாலைப் பார்க்காது. இந்த உருபுகளை மட்டும் பேனாவால் வட்டமிட்டுப் பழகுங்கள், பத்துக் கணக்குக்குப் பிறகு வட்டமிடாமலே கண்ணில் படும்.

"மடங்கு" இன்னொரு வில்லங்கம். 5-ஐப்போல் 3 மடங்கு என்றால் 15, அதில் சண்டை இல்லை. 5-ஐவிட 3 மடங்கு அதிகம் என்றால்? கறாராகப் பார்த்தால் 5-உம் அதற்கு மேல் 15-உம் சேர்ந்து 20. ஆனால் இப்படி எழுதும் பலர் மனசில் வைத்திருப்பது 15-தான். கணக்கில் இப்படி வந்தால் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள்.

"பாதி", "மீதியில் பாதி" இரண்டும் வேறு வேறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, பிறகு மீதியில் பாதியை வெட்டினால் மிச்சம் இருப்பது மூன்றில் ஒரு பங்கு. "மீதியில்" என்பதை விட்டுவிட்டு முழுக் கயிற்றில் பாதி என்று எடுத்தால் மிச்சம் ஆறில் ஒரு பங்கு ஆகிவிடும்.

இத்தனை குறை சொன்னாலும் தமிழ் வாக்கியம் ஒரு பெரிய உதவியும் செய்கிறது. "ஒரு எண்ணை மூன்று மடங்காக்கி, அதிலிருந்து 4-ஐக் கழித்து, வந்ததை 2-ஆல் வகுத்தால் 10 கிடைக்கிறது." ஆக்கி, கழித்து, வகுத்தால் என்று வினையெச்சங்கள் வருகிற வரிசையே செயல்களின் வரிசை. இடமிருந்து வலமாக அப்படியே எழுதிக்கொண்டு போகலாம்: 3க, பிறகு 3க − 4, பிறகு (3க − 4) ÷ 2 = 10. தீர்க்கும்போது கடைசி எச்சத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் போதும். வகுத்ததற்கு எதிராகப் பெருக்கு, 20. கழித்ததற்கு எதிராகக் கூட்டு, 24. மும்மடங்குக்கு எதிராக மூன்றால் வகு, 8.

பக்கம் மாறினால் குறி மாறும் என்பது

இந்த விதியை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தவர்கள் அவசரத்தில் 2ந = 38 என்பதை ந = 38 − 2 என்று எழுதுவார்கள், குறியை மாற்றியாயிற்றே! உள்ளே நடப்பது வேறு. சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்தால் அந்தச் சமம் கலையாது. க − 7 = 12 என்றால் இரண்டு பக்கமும் 7-ஐக் கூட்டுகிறோம், இடப்பக்கம் 7 மறைகிறது, வலப்பக்கம் 19 ஆகிறது. பார்ப்பவருக்கு 7 தாண்டிக் குதித்தது போலத் தெரிகிறது. 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணிதர் இந்தச் சமக்குறியை முதன்முதலாக அச்சிட்டபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறெதுவும் இல்லை என்றுதான் காரணம் சொன்னார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி என்ற கணிதர் எழுதிய நூலில் குறியும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சமன்பாடு முழுக்க வாக்கியமாகவே இருக்கும். கழிபட்ட உறுப்பை மறுபக்கம் சேர்த்துச் சரிக்கட்டுவதை அவர் அல்-ஜப்ர் என்றார், அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

வயதுக் கணக்கு

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அக்காவின் வயது தம்பியின் வயதைப்போல் 3 மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். தம்பிக்கு இப்போது என்ன வயது?

ஊகம்: தம்பிக்கு 10. அக்காவுக்கு 3 × 10. ஆறு ஆண்டுகள் கழித்து தம்பிக்கு 10 + 6, அக்காவுக்கு 3 × 10 + 6. அப்போது அக்காவின் வயது தம்பியின் வயதைப்போல் இரு மடங்காக இருக்க வேண்டும், அதாவது 3 × 10 + 6 என்பது 2 × (10 + 6)-ஆக இருக்க வேண்டும். 36-உம் 32-உம் வருகிறது, தப்பு. 10-ஐ அழித்து த போடுங்கள்: 3த + 6 = 2(த + 6). விரித்தால் 3த + 6 = 2த + 12, த = 6. அக்காவுக்கு 18. ஆறு ஆண்டில் 12-உம் 24-உம்.

இங்கே தப்புகள்கூட ரசிக்கும்படி இருக்கும். தம்பிக்கும் வயது ஏறும் என்பதை மறந்து 3த + 6 = 2த என்று எழுதினால் த = −6 வரும், அதாவது தம்பி பிறக்க இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 3த + 6 = 2த + 6 என்று எழுதினால் த = 0, தம்பி இப்போதுதான் பிறந்திருக்கிறான், அக்காவும் கூடவே பிறந்திருக்கிறாள்! விடை இப்படிக் கோணலாக வரும்போது எரிச்சல்படாதீர்கள், எங்கே சறுக்கினோம் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

இதே கணக்கை எழுத்தே இல்லாமலும் போடலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் ஆயுள் முழுக்க மாறாது. இப்போது மும்மடங்கு என்றால் அந்த வித்தியாசம் தம்பியின் வயதைப்போல் இரண்டு பங்கு. அக்கா இரு மடங்காகும் அன்று வித்தியாசம் தம்பியின் அன்றைய வயதுக்குச் சமம். ஆக அன்றைக்குத் தம்பி இப்போதையதைப்போல் இரண்டு பங்கு வயதில் இருப்பான். ஆறு ஆண்டில் வயது இரட்டிக்கிறது என்றால் இப்போது 6. எது மாறவில்லை என்று கேட்டுப் பார்ப்பது வயதுக் கணக்குக்கு மட்டும் உதவுகிற பழக்கம் இல்லை.

எழுத்து வேண்டாத இடங்கள்

சீனாவின் பழைய கணித நூலான சுன்சி சுவான்சிங்கில் ஒரு புகழ்பெற்ற கணக்கு. ஒரு கூண்டில் முயல்களும் பெருங்கோழிகளும் இருக்கின்றன. தலைகள் 35, கால்கள் 94. முயல் எத்தனை? சமன்பாட்டில் 4மு + 2(35 − மு) = 94, மு = 12. தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லா உயிர்களையும் இரண்டிரண்டு காலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். 70 கால் மேலே போய்விடும், கோழிகள் அந்தரத்தில் நிற்கும், தரையில் 24 கால். அத்தனையும் முயலுடையது, ஆளுக்கு இரண்டு. 12 முயல், 23 கோழி. அந்த நூல் சொல்லும் வழியும் இதற்குப் பக்கத்தில்தான்: கால்களைப் பாதியாக்கினால் 47, அதில் தலைகளைக் கழித்தால் 12.

டயோஃபேன்டஸ் என்ற கிரேக்கக் கணிதரின் ஆயுளைச் சொல்வதாக ஒரு பழைய கிரேக்கப் புதிர்ப்பாடல் உண்டு. ஆயுளில் ஆறில் ஒரு பங்கு சிறுபிராயம், பன்னிரண்டில் ஒரு பங்கு கழித்துத் தாடி, பிறகு ஏழில் ஒரு பங்கு கழித்துத் திருமணம், 5 ஆண்டில் மகன், அந்த மகன் வாழ்ந்தது தந்தையின் ஆயுளில் பாதி, மகன் போய் 4 ஆண்டில் தந்தையும் போனார். பின்னங்களைக் கூட்டிச் சமன்பாடு போடலாம், போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி. குறுக்குவழி என்னவென்றால், எல்லாப் பகுதிகளும் முழு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் ஆயுள் 12-ஆலும் 7-ஆலும் மீதியின்றி வகுபட வேண்டும். 84, அடுத்தது 168. மனித ஆயுள் 168 இல்லை. 14, 7, 12, 5, 42, 4, கூட்டுங்கள், 84 வருகிறது. கூட்டிப் பார்க்காமல் 84 என்று எழுதிவிடாதீர்கள், குறுக்குவழி ஊகத்தைத்தான் தரும், உறுதியைக் கூட்டல்தான் தரும்.

சில கணக்குகளில் எண்ணே இருக்காது. மூன்று பெட்டிகள், ஒன்றில் எல்லாம் சிவப்புப் பந்து, ஒன்றில் எல்லாம் நீலம், ஒன்றில் இரண்டும் கலந்து. மேலே "சிவப்பு", "நீலம்", "கலப்பு" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது, ஆனால் மூன்று சீட்டுமே தப்பு. ஒரே ஒரு பெட்டியிலிருந்து ஒரே ஒரு பந்தைப் பார்க்காமல் எடுக்கலாம், எதிலிருந்து எடுப்பீர்கள்? "கலப்பு" என்று ஒட்டியதிலிருந்து. அது நிச்சயம் கலப்பு இல்லை, எனவே வரும் பந்தின் நிறமே முழுப் பெட்டியின் நிறம். சிவப்பு வந்தது என்றால் அது சிவப்புப் பெட்டி. இனி "நீலம்" என்று ஒட்டியது நீலமாக இருக்க முடியாது, சிவப்பும் போய்விட்டது, ஆகவே கலப்பு. மிச்சம் இருப்பது நீலம். எது நடக்க முடியாது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் நடக்கக்கூடியது தானாக நிற்கும், நிறையத் தர்க்கக் கணக்குகள் இவ்வளவுதான்.

குழாயும் வேகமும், சுருக்கமாக

ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? சராசரி எடுத்து நாலரை என்பவர்கள் உண்டு. முதல் குழாய் தனியாகவே 3 மணியில் முடித்துவிடுகிறதே, உதவிக்கு ஒன்று வந்தால் நேரம் கூடுமா? தொட்டியின் கொள்ளளவை நீங்களே ஊகியுங்கள், 18 லிட்டர் என்று. மணிக்கு 6-உம் 3-உம், சேர்ந்து 9, இரண்டு மணி நேரம். வேறு எந்தக் கொள்ளளவு வைத்தாலும் இரண்டுதான் வரும்.

வேகக் கணக்கும் அதே சாதிதான். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40 என்றால் சராசரி வேகம் 50 இல்லை. தூரம் 120 என்று ஊகித்தால் போக 2 மணி, வர 3 மணி, 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், ஆக 48. மெதுவாக வந்த வழியில் அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

விடையைக் கதைக்குள் திருப்பிப் போடுங்கள்

சரிபார்க்கிறேன் என்று விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது அரைகுறை வேலை. சமன்பாடே தப்பாக இருந்தால் தப்பான விடை அதில் அழகாகப் பொருந்தும். கணக்கின் வாக்கியத்தைத் திரும்ப எடுத்து, விடையை அதில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். ஒரு குச்சியும் நூலும் சேர்ந்து 110 செ.மீ., குச்சி நூலைவிட 100 செ.மீ. நீளம், நூல் எவ்வளவு? பத்து என்று வாய் முந்தும். வாக்கியத்தில் வையுங்கள்: நூல் 10, குச்சி 110, சேர்ந்து 120. இல்லையே! 5 என்று தெரிய இதற்குமேல் எவ்வளவு நேரம் ஆகும்?

விடை கதைக்குப் பொருந்துகிறதா என்பதும் இதில் அடக்கம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த ஒரு தேர்வில் கேட்டார்கள்: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? வகுத்தால் 31, மீதி 12. "31, மீதி 12" என்று அப்படியே விடை எழுதியவர்கள் ஏராளம். 32 என்று சரியாக எழுதியவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். வகுத்தல் பெரும்பாலோருக்கு வந்திருக்கிறது, மீதி பன்னிரண்டு பேர் எதில் போவார்கள் என்றுதான் பலர் கேட்கவில்லை.

ஒரு கணக்கை உங்களுக்கு விட்டுவைக்கிறேன். அப்பாவின் வயது மகளின் வயதைப்போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 7 மடங்காக இருந்தது. மகளுக்கு இப்போது என்ன வயது? 10 வந்தால் சரி. 0 வந்தால் அடைப்புக்குறி எங்கோ விழுந்துவிட்டது. −10 வந்தால் "முன்" என்பதைப் "பின்" என்று படித்திருக்கிறீர்கள். 40 வந்தால் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், விடை வாக்கியத்தை மட்டும் முதலில் எழுதவில்லை.